முடிந்துபோன றிப்பனில் மூன்று தரம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், யுத்தம் முடிந்து தோட்டவெளிக் கிராமத்தில் மீள்குடியேறியிருந்த நேரம், என்னிடம் மை பீச்சுகிற பிரிண்டர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம், றிப்பன் நாடாவில் உள்ள சாயத்தைச் சூடாக்கிப் படத்தாளில் ஏற்றுகிற பிரிண்டர். வீட்டுக்கு எது நல்லது என்று ஒரு கட்டுரைதான் எழுத உட்கார்ந்தேன்.

என்னுடையது கடிதமும் அடிக்கும், பெரிய படமும் தரும். இரண்டு கிழமை சும்மா விட்டால் மை காய்ந்து கோடு விழும். அவளுடையது தபாலட்டை அளவுக்கு மேல் தராது. ஆனால் தண்ணீர் பட்டாலும் படம் கரையாது. (நியாயமாகத்தான் எழுதுகிறேன், கவனியுங்கள்.)

2

கதையில் அவளுக்கு முதலில் வசந்தமலர் என்று பெயர் வைத்தேன். அவ்வளவு வடிவான பெயர் அவளுக்கு எதற்கு என்று வெட்டிவிட்டு அகஸ்ரினா என்று எழுதினேன். அதுவும் வடிவாகத்தான் இருக்கிறது.

யுத்தத்தில் செத்துப்போன என் கணவரின் படங்களில் மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். அதைப் பெருப்பித்து அடித்து மாட்டினேன். மழைச் சாரலில் நாடிப் பக்கம் மை கரைந்து இறங்கியது.

அகஸ்ரினா பார்த்தாள். "என்னக்கா, அண்ணைக்குத் தாடி வளருது?"

தன் வீட்டுக்குப் போய், முடிந்துபோன றிப்பன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். "பாருங்கோ. இதில மை எண்டு ஒரு துளி இல்லை."

3

வீட்டில் அதை யன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்று: அந்த றிப்பனில், அடித்த படமெல்லாம் வெளிச்சமும் நிழலும் மாறி அப்படியே கிடக்கும். ஒவ்வொரு படமும் மஞ்சளில் ஒருதரம், சிவப்பில் ஒருதரம், நீலத்தில் ஒருதரம்.

முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அவர் வந்தார், என் கணவர். மடுக் கோயில் வாசலில், வாய்விட்டுச் சிரித்தபடி. பழைய படமொன்றை அகஸ்ரினா போனில் எடுத்து அடித்திருக்கிறாள். மடிந்த மூலையும் தெரிந்தது. போட்டிருந்த சட்டை, கலியாணத்துக்குப் பிறகு நான் தைத்துக் கொடுத்தது.

அதே படம் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று பிரதி அடித்திருக்கிறாள்.

என்னோடு இருந்தபோது அவர் அப்படிச் சிரித்து நான்— (இந்த வசனம் வேண்டாம்.)

4

முடிவு ஒன்று: திருவிழாக் கூட்டத்தில் யாரோ எடுத்த படம். யுத்தத்தில் அவள் இந்தியாவுக்குப் படகேறியபோது அவளோடு போய்த் தப்பியது. எனக்குத் தர அவளுக்குக் கூச்சம்.

முடிவு இரண்டை எழுதினேன். கிழித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது: அவளுடைய வேலிப் படலையடியில் போய் நின்றேன்.

"வாங்கோ அக்கா. றிப்பனைப் பாத்தனீங்களோ?"

படத்தைக் கேட்டால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கும். அவள் கையால் கிடைக்கும். அது எப்படி அவளிடம் வந்தது என்பதையும் சேர்த்து வாங்கவேண்டி வரும்.

"ஓம்," என்றேன்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. அடுத்த வார்த்தையை உங்களிடம் விடுகிறேன். என்னை எதை வேண்டுமானாலும் கேட்க வையுங்கள். அவளை மட்டும் அழ வைக்காதீர்கள். அவருக்காக அழ நான் இருக்கிறேன்.