செவ்வாய்க்கிழமைச் சவரம்

நெல்லித்தோப்பில் கோவிந்தராசுவின் சலூனுக்கு வருகிறவர்கள் தலையைக் கொடுப்பதற்கு முன் காதைக் கொடுத்தாக வேண்டும். கழுத்தில் துணியைச் சுற்றி, முகம் நிறைய நுரையைப் பூசி, தொண்டைக்குழியில் கத்தியையும் வைத்துக்கொண்டு ஒருவர் பேசினால், எந்த வீராதிவீரன் மறுத்துப் பேசுவான்? ஊரிலேயே எதிர்க்கட்சி இல்லாத ஒரே பேச்சாளர் தான்தான் என்று கோவிந்தராசுவுக்குப் பெருமை. வீட்டில் மட்டும் ராஜாம்பாள் என்ற எதிர்க்கட்சி முழுப் பலத்தோடு இருந்தது. பெண்டாட்டி முகத்தில் நுரை பூச வழியில்லையே.

அப்பேர்ப்பட்ட மனிதர், நெருக்கடி நிலை வந்ததும் கடைச் சுவரில் ஒரு தகரப் பலகையை மாட்டினார். 'இங்கு அரசியல் பேசக்கூடாது.'

"போலீசு வந்து மாட்டச் சொல்லிட்டான்பா. நான் இன்னா பண்றது?" என்று வந்தவர்களிடமெல்லாம் கையை விரித்தார்.

அன்றிலிருந்து கடையில் பேச்சு மழை, மாடு, மூலம் என்ற மூன்றுக்குள் சுருண்டுகொண்டது. மூலத்தைப் பற்றி எத்தனை நாள்தான் பேச முடியும்?

வாரத்தில் ஒரு நாள் மட்டும் அவருக்கு விடுதலை. செவ்வாய்க்கிழமை. சலூன்களுக்கெல்லாம் லீவு. அன்று காலை முதலியார்பேட்டையில் கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணி சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு வாரம் இங்கே, மறு வாரம் அங்கே. ஒருவருக்கு மற்றவர் சவரம் செய்துவிடுவார். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்கிற தொழிலாளியின் கையில் தொழில் தங்காது என்று இரண்டு பேருடைய அப்பாக்களும் சொல்லிவைத்திருந்தார்கள். சாமி, பூதம், ராகுகாலம் எதையும் நம்பாத கட்சியைச் சேர்ந்த தெய்வசிகாமணி இதை மட்டும் நம்பினார்.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சட்டம் உண்டு. கத்தி பிடித்தவன் பேசுவான், கன்னம் கொடுத்தவன் கேட்பான். பிறகு ஆள் மாறுவார்கள், பேச்சும் மாறும். நாற்காலியில் கேட்டது நாற்காலியோடு போய்விடும். இருபது வருஷமாக இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம்கூட வரவில்லை.

எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில் தேர்தல் முடிந்து, நெருக்கடி நிலை விலகியதென்று ரேடியோ சொன்னது. கோவிந்தராசு சுழல் நாற்காலி மேல் ஏறி நின்று, அது ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட, மறுபடி ஏறிப் பலகையைப் பிடுங்கினார். ராஜாம்பாள் அதைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனாள். அரிசி டிரம் மூடியில்லாமல் கிடந்தது.

"லிபெர்த்தே! மிசே கோவிந்தராசு, லிபெர்த்தே!" என்று பிரெஞ்சில் விடுதலை கூவிக் கைதட்டினார் சொல்தா கிருஷ்ணசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். தலையில் ஒரு முடி கிடையாது. ஆனாலும் வாரந்தவறாமல் கடைக்கு வந்துவிடுவார்.

அடைத்து வைத்த பேச்செல்லாம் மடை திறந்தது. கோவிந்தராசு பேசிய பேச்சில் அன்றைக்கு ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதா காணாமல் போயிற்று. சுதந்திரத்துக்காக அதுகூடத் தரமாட்டாரா என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள்.

நடுவில் கண்ணையன் வாயைக் கிளறினான். முதலியார்பேட்டை மில்லில் வேலை பார்க்கிறவன்.

"இப்ப மட்டும் சிங்கம் மாதிரி கர்ச்சிக்கிறியே மாமா. போர்டு மாட்டிக்கிட்டு நடுங்குனது யாரு?"

கடை சிரித்தது. கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது.

"பயமா? எனக்கா? பயம்னா இன்னான்னு போயி உங்க ஊரு தெய்வசிகாமணியக் கேளுடா!"

சொல்லிவிட்டு, நாற்காலியோடு போயிருக்க வேண்டிய ஒரு கதையைக் கடை நடுவே அவிழ்த்துவிட்டார்.

தெய்வசிகாமணிக்கு அந்த நாளில் பெரிய மீசை. கட்சிக்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த ஒரு மத்தியானம், அவர் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மீசையை வைத்துத்தானே அடையாளம் சொல்வார்கள்? அப்பா சொன்னதையும் மறந்து, தன் முகத்தில் தானே கத்தியை வைத்துவிட்டார். பாதி மீசை போனபோது ஜீப் டிரைவர் உள்ளே தலையை நீட்டி, "அண்ணே, ரேடியேட்டர் கொதிக்குது, ஒரு பக்கெட்டு தண்ணி குடு" என்றானாம். தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்து மீதிப் பாதியையும் எடுத்தார். உதட்டில் சூட்டுக்கட்டி என்று ஊருக்குச் சொன்னார். உண்மையைச் சொன்னது கோவிந்தராசு ஒருவரிடம்தான். அதைச் சொன்ன செவ்வாய்க்கிழமை அவர் கத்தி தடம் மாறிக் கோவிந்தராசுவின் தாடையில் ஒரு கீறல்கூட விழுந்தது. கீறல் விழுந்ததை மட்டும் கோவிந்தராசு கடையில் சொல்லவில்லை.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. சொல்தா மட்டும் சிரிக்கவில்லை. வழுக்கையைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கதை கண்ணையனோடு ஷிப்டுக்குப் போனது. மறுநாள் தெய்வசிகாமணி கடை திறக்க வந்தால் வாசலில் ஒரு காலி பக்கெட்டு. அதற்கடுத்த நாளும். தெருவில் போகிற வண்டிக்காரனெல்லாம் நிறுத்தி, "அண்ணே, தண்ணி!" என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோவிந்தராசு வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெந்நீர் ஆறியது. அடுத்த செவ்வாய் இவர் போக வேண்டிய முறை; போகாமல் வைத்த வெந்நீரும் ஆறியது. முகத்தில் முள் முளைத்து, புல்லாகி, புதராகிக்கொண்டிருந்தது.

"கோடையில மாலை போட்டுக்கினியா மாமா?"

"சமையல்காரன் ஊட்டுல பட்டினியா?"

"இன்னும் கொஞ்ச நாள் போனா குருவி முட்டை வைக்கும். நல்ல சகுனம்தான்."

எல்லாவற்றுக்கும் கோவிந்தராசு தானே முதலில் சிரித்தார். வீட்டில்தான் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் வாரத்தில் ஏழு நாளும் இவ்வளவு நீளமா?

"அந்த அண்ணனுக்கும் தாடியாம். மீன் மார்க்கெட்டுல சொன்னாங்க" என்றாள் ராஜாம்பாள், அரிசி அளந்துகொண்டே.

"வேற ஆளு கிடைக்கலயா அவனுக்கு?"

"உனக்குக் கிடைச்சுதா?"

அவர் தாடியைச் சொறிந்தார்.

"கேட்டா கேளு, கேக்காட்டி போ. அவரு பயந்தத ஊருக்கே சொன்னியே, நீ பயந்தத எப்பச் சொல்லப்போற? போர்டு மாட்டச் சொல்லி எந்தப் போலீசு வந்தான்? ஒரு ஈ காக்கா வரல. ராத்திரி நீயா எழுதி, நீயா மாட்டுன. எனக்குத் தெரியும், நாற்காலியில கேட்ட அந்த அண்ணனுக்கும் தெரியும். இத்தினி அசிங்கத்துக்கு அப்புறமும் அவரு வாயத் தொறந்தாரா பாரு." டிரம்மின் மேல் மூடியைத் தட்டி வைத்தாள். 'பேசக்கூடாது' என்ற எழுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய் விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருந்த கூட்டம் தாடியைப் பார்த்தது, ஆளைத் தெரிந்துகொண்டது, கேட் திறந்ததும் பின்னாலேயே வந்தது. கடை வாசலை அடைந்தபோது அது ஒரு சின்ன ஊர்வலம். கண்ணையனும் அதில் இருந்தான்.

தெய்வசிகாமணி பாதி திறந்த கதவுக்குப் பின்னால், முழுத் தாடியோடு தோல்பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார். வழக்கம்போல மச்சான் என்று கூப்பிடவில்லை. நாற்காலியை மட்டும் காட்டினார்.

கோவிந்தராசு உட்கார்ந்தார். துணி கழுத்தைச் சுற்றியது. நுரை ஏறியது. கத்தி தொண்டைக்குழிக்கு வந்தது. வாசல் நிறைய ஆள். இனி இவன் முறை. சட்டப்படி பேசலாம். பலகைக் கதையைச் சொல்வான். சொல்லட்டும். மறுக்க வாயும் இல்லை, நியாயமும் இல்லை. இருபது வருஷமாக நெல்லித்தோப்பு ஆண்கள் இந்தக் கோணத்திலிருந்துதான் தன்னைப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீழிருந்து பார்த்தால் பேசுகிறவனுடைய மூக்குத் துவாரம்தான் தெரிகிறது.

"சொல்லு அண்ணே! இவரு கதைய நீ எடுத்து விடு!" என்றான் கண்ணையன்.

தெய்வசிகாமணி வலக் கன்னத்தை எடுத்தார். இடக் கன்னத்தை எடுத்தார். மோவாயை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியின் சரக் சரக் மட்டும் கேட்டது. ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டித் தொலையேன்டா என்று கோவிந்தராசுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவு நீளமான சவரத்தை அவர் வாழ்நாளில் செய்துகொண்டதில்லை.

"ஏன் அண்ணே பேச மாட்டேன்ற?" என்றான் கண்ணையன்.

"நுரையில இருக்கிறவன் திருப்பிப் பேச முடியுமாடா? முடியாதவனப் பேசுறது பேச்சா?" என்றார் தெய்வசிகாமணி. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, படிகாரத்தைத் தேய்த்துவிட்டு, நாற்காலியை ஒரே சுற்றாகக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். "ஆச்சு. இப்பப் பேசு."

பேசுவதற்கென்றே பிறந்த கோவிந்தராசுவுக்கு எச்சில்தான் முதலில் வந்தது.

"எந்தப் போலீசும் வரலபா" என்றார். "போர்ட நானேதான் எழுதுனேன். கடை வாசல்ல தபால்காரன் காக்கிச் சட்டையோட சைக்கிள நிறுத்துனான். அன்னைக்கு ராத்திரியே எழுதிட்டேன்."

"தபால்காரனா?" என்றான் கண்ணையன்.

"மணியார்டர் குடுக்க வந்தான். நான் கட்டிலுக்கு அடியில கெடந்தேன். ராஜாம்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்குனா."

முதலில் சிரித்தது தெய்வசிகாமணி. அவருக்குக்கூட இந்தக் கட்டில் தெரியாது. சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கட்டிலா! அடேய் மச்சான், கட்டிலா!" பிறகு தெருவே சிரித்தது. அதில் யாரோ, "எங்க அப்பா கெணத்துல எறங்கிட்டாருபா" என்றார்கள். "நான் கட்சிக்கொடியப் புள்ளைக்குத் தூளி கட்டிட்டேன்" என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு பயம் வெளியே வந்தது. வாசலில் கிடந்த பக்கெட்டைக் கண்ணையன் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

"எழுந்திரு. என் முறை" என்று தெய்வசிகாமணி நாற்காலியில் சாய்ந்தார்.

கோவிந்தராசு நுரையைக் குழைத்தார். கத்தி கைக்கு வந்ததும் நாக்கும் தானாக எழுந்தது. வெகு சிரமப்பட்டு அதை உட்கார வைத்தார். கன்னத்தை எடுத்தார், மோவாயை எடுத்தார். மேலுதட்டுக்கு வந்ததும் கத்தி நின்றது.

"இத்தினி நாளா இத ஏன் மச்சான் வளக்கல?"

நுரைக்குள்ளிருந்து பதில் வர வழியில்லை என்பது நினைவுக்கு வந்து, துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

"வளத்தா, கண்ணாடியில அன்னைக்கு நின்ன பாதி மீசைதான் தெரியும்" என்றார் தெய்வசிகாமணி மெதுவாக.

கோவிந்தராசு கத்தியை மடக்கி வைத்தார். கத்தரியும் சீப்பும் எடுத்தார். நுனியை வெட்டி, ஓரத்தை ஒதுக்கி, இரண்டு பக்கமும் சீவி ஏற்றினார். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

தெய்வசிகாமணி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எடது பக்கம் ஒரு நூலு ஏத்தமா கீது" என்றார்.

"இல்ல."

"இருக்குடா."

"இருபது வருசமா உன் மூஞ்சதான் பாக்கறேன். கோணல் உன் மூக்குல. மீசையில இல்ல."

"மூக்கப் பத்திப் பேசாத மச்சான். சொல்லிட்டேன்."

"பேசுவேன். உன் எதிருக்கத்தான பேசறேன்? நீயும் பேசு!"

பேசினார். கோவிந்தராசுவும் பேசினார். டீ ஆறிப்போனது. நெல்லித்தோப்பிலிருந்து ராஜாம்பாள் புறப்பட்டு வந்து, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று இருவரையும் ஒரே அதட்டலில் அடக்கும்வரை அந்த மூக்கு விவகாரம் தீரவில்லை.