யக்ஞநாராயணனின் யோ-யோ

அந்த வருஷ தசரா பொருட்காட்சியில் கூட்டமெல்லாம் யோ-யோ விற்றவனைச் சுற்றித்தான். மணிலாக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஊர் ஊராய்ப் பரவிய சாமான் என்று அவன் கன்னடத்தில் கூவினான். லக்னோவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், தங்கள் பக்கத்தில் நவாப் காலத்திலேயே இதைச் சக்ரி என்று ஆடினார்கள் என்று சிரித்தார்.

ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா யக்ஞநாராயணன் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு மர யோ-யோவை வாங்கினான். ஆடிக் காட்டினால் மனைவி கனகலக்ஷ்மி சிரிப்பாளோ என்று ஒரு நப்பாசை. தலைச்சன் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனதிலிருந்து, எட்டு மாதமாக அவள் வேண்டிய பேச்சுக்கு மேல் பேசுவதில்லை. அவனுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லைப்பக்கம் போய்ப் பழகினான். கீழே போன யோ-யோ மண்ணில் மோதிப் புரண்டதே தவிர மேலே ஏறவில்லை. நாலாம் நாள் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று வீசினான். ஏறியது! துள்ளிய வேகத்தில் கால் வழுக்கி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தான்.

சமையலறை ஜன்னலில் களுக்கென்று ஒரு சத்தம். கனகலக்ஷ்மி அரிவாள்மணையோடு வெளியே வந்தாள்.

"ஏன்னா, நூல் ஒசரமானவாளுக்குன்னா கட்டியிருக்கான்? உங்க தொப்புள் மட்டுக்கு இருந்தாப் போறும்."

"இத்தனை நாளாப் பாத்துண்டா இருந்தே?"

"தினமும்தான்."

நூலை அறுத்து, புதுச் சுருக்குப் போட்டு, தன் விரலில் மாட்டி வீசினாள். முதல் வீச்சிலேயே யோ-யோ அவள் உள்ளங்கைக்கு வந்தது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவனுக்கு உங்க மூக்குன்னா."

ஈர வேஷ்டியோடு அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நானும் பாத்தேன். சொன்னா நீ அழுவியோன்னு சொல்லலை."

"பேர்கூட வெக்கலை நாம."

"நீ என்ன நெனச்சிண்டிருந்தே?"

சற்று நேரம் அவள் நூலையே விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பார்த்தசாரதி. ஆத்துல பாச்சுன்னு கூப்பிடலாம்னு."

"பாச்சு," என்று அவன் மெல்லச் சொன்னான். அவள் அவன் தோளில் சாய்ந்து, எட்டு மாதத்துக்குமாகச் சேர்த்து அழுதாள். அவனும் அழுதான்.