பால்மரம், கூலியுடன்

வெண்கலப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குத்துவிளக்கைத் தேய்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? பதக்கத்தின் மேல் தொண்ணூறு வருடமாகப் படிந்த பழுப்பு, அழுக்கு இல்லை. அது போனால் படத்தின் நுணுக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை என் ஃப்ளாட்டைத் தேடி வந்த புனிதா, கைக்குட்டையை அவிழ்த்ததும் பதக்கம் புதுச் சொம்பு மாதிரி மின்னியது.

"என்னம்மா இது, புளியா?"

"ஆமா ஆன்டி. தீபாவளிக்குத் தீபாவளி வெளக்கோட சேத்துத் தேய்ச்சிருவோம். அப்பா சின்னப் புள்ளையா இருந்தப்பவே அப்படித்தானாம்."

"நல்லாத் தேய்ச்சீங்க போ. ஆளுக்கு மூஞ்சியே இல்ல."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாவம், அவளுக்கு என்னைப் பழக்கமில்லை.

என் பெயர் நிரஞ்சனி. அரசாங்க மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் பல் நர்ஸாக இருந்தவள். சனிக்கிழமைச் சந்தையில் என்னைக் 'காசு சேக்கிற ஆன்டி' என்பார்கள். காசு இல்லை, பதக்கம் என்று திருத்துவேன். யார் காதில் விழுகிறது? காசு கைமாறுவதற்காக அடிப்பது. பதக்கம் பெருமை பேசுவதற்காக அடிப்பது. அணை கட்டினோம், கண்காட்சி நடத்தினோம் என்று யாராவது தன் முதுகில் தானே தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தை வரைந்தவன் யார், எதைப் பார்த்து வரைந்தான் என்று துருவுவதுதான் என் பைத்தியம்.

புனிதா கொண்டுவந்தது 1934-இல் கோலாலம்பூரில் நடந்த ஒரு ரப்பர் பொருட்காட்சியின் பதக்கம். ஒரு பக்கம் எழுத்து. மறுபக்கம் தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் கையை உயர்த்தி, பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தில் கத்தியை வைக்கிறான். அந்த ஆள் அவளுடைய தாத்தா நாகையா என்பது குடும்பத்தின் நம்பிக்கை. அவர் பால் வெட்டிய தோட்டத்துத் துரை ஆள் வைத்து அவரை வரைந்து, அதைப் பதக்கத்தில் அடித்து, ஒன்றை அவருக்கே கொடுத்தாராம்.

தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் அங்கிருந்த தமிழ்ப்பள்ளி கிள்ளானுக்கு இடம் மாறியிருந்தது. அதன் புது மண்டபச் சுவரில் இந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து கீழே நாகையா பெயரை எழுதப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இந்த நேரம் பார்த்துப் பள்ளி வாரியத்தில் ஒருவர், இது நாகையாதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டார். பெயிண்டர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான்.

"நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும் ஆன்டி. அப்பாவுக்கு எம்பத்தி மூணு. இந்தச் செவுத்தப் பாக்கணும்னே உக்காந்திருக்காரு. மூணு மாசமா வீட்டுல வேற பேச்சே இல்ல."

இரண்டு நாள் வைத்துவிட்டுப் போ என்றேன்.

அன்று சாயங்காலமே என்னிடமிருந்த அதே பதக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதைப் புளி தொட்டதில்லை. முகம் தெளிவாக இருந்தது. கத்தி மாதிரி நேரான மூக்கு, சின்ன வாய், குழி விழுந்த மோவாய். அது வெள்ளைக்கார முகம், நாகையாவுடையதாக இருக்க வழியே இல்லை. தேய்ந்து வழுவழுப்பான முகத்தில் அவரவர் அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம், யார் தடுப்பது?

அதோடு, கை மேலே இருந்தது. அந்தக் காலத்தில் மரத்தடியில் குனிந்துதான் பால் வெட்டுவார்கள். இவன் எதையோ பறிப்பவன் போல எக்கி நிற்கிறான். எனக்கு எங்கோ பார்த்த ஞாபகம். டப்பாக்களைக் குடைந்து இன்னொரு பதக்கத்தை எடுத்தேன். 1925, மேற்கிந்தியத் தீவு ஒன்றின் கொக்கோ கண்காட்சி. அதே லண்டன் சிற்பியின் முதலெழுத்துகள், அதே ஆள், அதே கால். அங்கே வைக்கோல் தொப்பி போட்டுக் கொக்கோ காயை அறுக்கிறான். சிற்பி ஒன்பது வருடம் கழித்துக் கொக்கோவை ரப்பர் மரமாகவும் தொப்பியைத் தலைப்பாகையாகவும் மாற்றியிருக்கிறான். அவசரத்தில் தொப்பி விளிம்பின் ஒரு கோட்டை அழிக்க மறந்துவிட்டான். அது இன்னும் அந்த ஆளின் தோளுக்கு மேலே சும்மா நிற்கிறது. சோம்பேறிப் பயல்.

அப்போதுதான் புனிதாவின் பதக்கத்தை நிமிர்த்தி விளிம்பைப் பார்த்தேன். E 14 என்று குத்தியிருந்தது.

பார்வையாளர்கள் வாங்கிய பதக்கங்களில் எண் இருக்காது. காட்சிக்கு வைத்த பொருட்களுக்கு மட்டும்தான் எண். அந்தப் பொருட்காட்சியின் பட்டியல் புத்தகம் என்னிடம் இருக்கிறது, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய புத்தகக்காரரிடம் வாங்கியது. எண் போட்ட பதக்கத்தைப் பதினொரு வருடமாகத் தேடியிருக்கிறேன். அவசரமாகப் புரட்டினேன். ஒன்பது, ரப்பர் தாள் உலர்த்தும் இயந்திரம். பன்னிரண்டு, ரப்பர் காலணிகள். பதினான்கு: 'பால்மரம், பால் வெட்டும் கூலியுடன். ஆறு நாட்களும், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. மரம் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. பால் தினமும் தோட்டத்திலிருந்து.'

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லக்கூடாது, குதிக்காத குறைதான். காப்பி கலந்து கொண்டுவந்து உட்கார்ந்து, அந்த வரியை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது: அந்தக் கூலியாள்தான் நாகையா, மரத்தோடு சேர்த்து அவரையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். காப்பியைக் குடிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு ஆண்கள் அரசாங்க கிளார்க்குகள், இப்படிப்பட்ட பட்டியல்களைத் தட்டச்சு செய்தவர்கள். நாகையா மாதிரி ஆட்கள் பட்டியலுக்குள் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

புனிதாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"படத்துல இருக்குறது தாத்தா இல்லன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லுங்க ஆன்டி. அந்த நம்பர் விசயத்த விட்டுருங்க லா. ப்ளீஸ்."

சரி என்றேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு வராத காரியம், ஆனாலும் சரி என்றேன்.

சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். புனிதாவின் அப்பா பழனியப்பன் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று பதக்கங்களையும் மேசையில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, தொப்பிக் கோட்டைக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கைய மேல தூக்கியிருக்கான்," என்றார் கடைசியில். "நான் பத்து வயசுலேர்ந்து பால்மரம் வெட்டுனவன்மா. இப்படி எவனும் வெட்ட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கப்பாவுக்கு இத எதுக்குக் குடுத்தாங்க?"

"நல்லா வேல செஞ்சதுக்கு இருக்கும்பா," என்றாள் புனிதா அவசரமாக.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா. தொர சும்மா குடுக்க மாட்டான்."

முப்பத்திரண்டு வருடம் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலிக்காது கண்ணு என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். புனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"மரத்த வெட்டியா கொண்டாந்தாங்க?"

"ஆமாங்க ஐயா. நட்டு நிறுத்தியிருப்பாங்க."

"வெட்டுன மரத்துல பாலு வராதே."

"தெனமும் தோட்டத்துலேர்ந்து வந்திருக்கு. ஊத்தியிருப்பாங்க. அவரு வெட்டுற மாதிரி வெட்டணும், அது மங்குக் கிண்ணத்துல வடியணும். ஜனங்க பாப்பாங்க."

"ஆறு நாளா?"

"ஆறு நாள்."

"நின்னுக்கிட்டேவா?"

பட்டியலில் அது இல்லை. தெரியவில்லை என்றேன். அந்தச் சிற்பியின் சோம்பேறித்தனம் வரை தோண்டத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

பழனியப்பன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "கிள்ளான் பாடாங் மைதானத்துல ஒரு தடவ ஃபன் ஃபேர் போட்டாங்க. எனக்கு ஏழு வயசு. கூட்டிட்டுப் போப்பான்னு கேட்டேன். அறைஞ்சாரு. அடிக்கிற மனுசனே கெடையாது. அதுக்கு முன்னாலயும் அடிச்சதில்ல, பின்னாலயும் அடிச்சதில்ல." பட்டியலைக் காட்டி, "அதுல அவரு பேரு என்னன்னு போட்டுருக்கு?" என்றார்.

"பேரு போடலீங்க."

"வெறும் பதினாலா?"

"மரத்துக்கும் அவருக்கும் சேத்து ஒரே நம்பர்."

தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய எவனோ ஒரு கிளார்க்கை நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போல இருந்தது. புனிதா அழுதுகொண்டே, "செவுரு வேணாம்பா. பெயிண்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். விட்டுரலாம்பா," என்றாள்.

"எதுக்கு விடணும்?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "படம் வேணாம். அது யாரோ, பாவம். பேர எழுதச் சொல்லு. செவுரு பூரா எழுதச் சொல்லு."

"அதுக்கும் ஆதாரம் கேப்பாங்கப்பா."

"அம்மா எழுதித் தருவாங்க."

என்னைக் கேட்கவில்லை, அவரே முடிவு செய்துவிட்டார். புனிதா தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். "1934 பொருட்காட்சியில் பதினான்காம் எண்ணில் ஆறு நாள் பால் வெட்டும் தொழிலைச் செய்து காட்டியவர் நாகையா. இந்தப் பதக்கம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. இதிலுள்ள உருவம் அவருடையது அல்ல."

பழனியப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்னம்மா, நீங்களும் மொட்டையா நாகையான்னு எழுதிட்டீங்க. திரு போடுங்க."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, திரு என்று தொடங்கி மறுபடியும் எழுதினேன்.