கமலா சொல்றா

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தேக்கா டீக்கடையில் மிரண்டா சொன்னாள், நான் எடுத்துக்கொண்டேன். "எழுதுங்க, ஆனா என்னைப் பாவமாக் காட்டாதீங்க லா" என்று ஒரே நிபந்தனை போட்டாள். உடனே உட்கார்ந்து ஆரம்பித்தேன்:

சிராங்கூன் சாலையில் மழை பெய்துகொண்டிருந்த அந்த—

(வேண்டாம். சிங்கப்பூர்க் கதை என்றால் மழையைக் கூப்பிடாமல் நமக்கு முடிவதில்லை.)

2

மிரண்டாவுக்குச் சுவா சூ காங்கில் வீடு, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் வேலை. சின்ன விளம்பர ஏஜென்சி. கீழ்த்தெருவில் சேலைக்கடை வைத்திருந்த சுந்தரேசன் அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். ஒவ்வொரு தீபாவளிக்கும் போஸ்டர் வாசகம், தள்ளுபடி, தேதி எல்லாவற்றையும் அவரும் மிரண்டாவும் ஆன்லைனில் பகிர்ந்துகொண்ட ஒரே டாக்குமெண்ட்டில்தான் எழுதுவார்கள். பன்னிரண்டு வருடமும் அதே டாக். அடியில் நீண்டுகொண்டே போனது.

கருத்துச் சொல்ல ஓரத்தில் தனி இடம் உண்டு. சுந்தரேசன் அந்த ஓரத்தை மதித்ததே இல்லை. வாசகத்துக்கு நடுவில் புகுந்து சிவப்பு எழுத்தில் தட்டுவார். அதுவும் தன் கருத்தை அல்ல. கணினியைத் தொடவே மாட்டேன் என்று கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி சொல்வதை, சொன்னபடியே.

கமலா சொல்றா, மாடல் பொண்ணு பல்லுவலிக்காரி மாதிரி நிக்கிறா.

கமலா சொல்றா, மிரண்டா இளைச்சுப் போயிட்டா, என்னன்னு கேளுங்க.

3

ஒரு வருடம் டிசைனர் எட்மண்ட் அவசரத்தில் வாசகத்தை அள்ளி ஒட்டினான். ஒட்டியதில் சிவப்பு கறுப்பாகிவிட்டது. கடை வாசலில் பத்தடி பேனர் ஏறியது: "ஒரு சேலை வாங்கினால் மறுசேலை பாதி விலை. கமலா சொல்றா, மஞ்சள் மட்டும் வேண்டாம்."

மிரண்டாவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மஞ்சளில் அப்படி என்ன கோளாறு என்று பார்க்க வந்த கூட்டம் இரண்டே நாளில் மஞ்சளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மிரண்டா டீயைக் குடிக்க மறந்துவிடுகிறாள். எனக்கும் அந்தக் கடையில் ஒரு சேலை வாங்கியிருக்கலாமே என்று ஏக்கமாக இருக்கிறது.

4

கமலா இறந்து நாலு வருடமாகிறது. அதன் பிறகு டாக்கில் சிவப்பில் வந்ததெல்லாம் "சரி" என்ற ஒரு சொல்தான்.

(முதல் வரைவில் சுந்தரேசனையும் கொன்றிருந்தேன். மிரண்டா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் செம்பவாங்கில் நன்றாகத்தான் இருக்கிறார், பார்வைதான் மங்கிவிட்டது.)

இப்போது கடை மகள் சிவானியின் கையில். பெரிய ஏஜென்சிக்கு மாறுகிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள டாக் வேணும். ரெட்ல இருக்கறதெல்லாம் எடுத்துட்டு, புது ஃபைல்ல போட்டு, பழசை டிலீட் பண்ணிடுங்க. அப்பாவோட வெட்டிப்பேச்சை எல்லாம் அவங்க பாத்தா அசிங்கமா இருக்கும்."

"நீ அதைப் படிச்சிருக்கியா சிவானி?"

"எங்கக்கா டைம்?"

ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். நானும் கேட்டேன். வாடிக்கையாளர் கோப்பு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தமாம். இப்படி ஒரு ஒழுங்கான கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

5

மூன்றே முக்காலுக்கு அவள் செம்பவாங்குக்குப் போன் போட்டாள்.

"அழிச்சிரும்மா" என்றார் சுந்தரேசன். "கடை விளம்பரம்தானே."

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதானா என்று நினைத்தாள்.

அவர் போனை வைக்கவில்லை. "மிரண்டா, எனக்கு இப்ப ஸ்கிரீன் தெரியறதில்ல. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசியேன். அவ சொன்னதை மட்டும்."

வாசித்தாள். முதல் வருடத்திலிருந்து. அவர் சிரித்தார், திருத்தினார், ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினார். நாலே முக்காலுக்குப் பதினாறாம் பக்கம்தான் வந்திருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம் இருந்தது. சிவானியின் செய்தி வந்து நின்றது: முடிஞ்சுதாக்கா?

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். மிரண்டா அழிக்கிறாள். மிரண்டா அழிக்க மறுத்து வேலையை விடுகிறாள். மிரண்டா சிவானியையும் அழைப்பில் சேர்த்துக்கொள்கிறாள், அம்மா பேசுவதைக் கேள் என்கிறாள்.

மூன்றையும் எடுத்துவிட்டேன். மிரண்டாவும் என்ன செய்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆகவே ஐந்து மணிக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அழிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வேலை வேலைதான்.

ஆனால் போனில் ஒருவர் இருக்கிறார். மிரண்டா நிறுத்திவிட்டதை இன்னும் கவனிக்கவில்லை. "அப்புறம்?" என்கிறார். "அப்புறம் கமலா என்ன சொன்னா?"