கண்ணை மூடாத விருந்தாளி

மார்ச் 10, செவ்வாய்

இன்றைய தவறு: டயர் கடை அண்ணனிடம் கண்ணை மூடச் சொல்ல மறந்துவிட்டேன்.

தவறை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதினால் அது சாக்குப்போக்காகிவிடும் என்று கணக்குப்பதிவு வகுப்பில் சொன்னார்கள். அதனால் சாப்பிடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனை மருத்துவமனையில் இரவு டாக்டரை நிறுத்தப்போவதாக நகரசபை அறிவித்ததிலிருந்து தெருக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. எங்கள் வீட்டுக்கு அந்த டாக்டர் எவ்வளவு வேண்டும் என்று எழுதத் தேவையில்லை. குழுவை நடத்துவது அக்கா. எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு, கொடி மட்டும் உள்ளே வராது. வாக்கெடுப்பில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கை தூக்குவோம். மாமியார் பக்கத்தில் மருமகள், வீட்டுக்காரர் பக்கத்தில் குடியிருப்பவர் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் பாதிக் கைகள் எழும்பாது. எண்ணுகிறவன் மட்டும் கண்ணைத் திறந்திருப்பான். அது நான். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது.

இன்று அக்கா வேலை செய்யும் சலவைக்கூடத்தில், துணி உலர்த்தும் கூடத்தில் கூட்டம். நகரசபைத் தேர்தலில் ஒரு கட்சியின் வேட்பாளராக அக்கா நிற்கலாமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடு வந்தவர் டயர் கடை அண்ணன், அந்தக் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். நாங்கள் மருத்துவமனை வாசலில் மழையில் உட்கார்ந்து போராடியபோது கொடியில்லாமல் வந்து தார்ப்பாய் கட்டிக்கொடுத்த மனிதர். அவருக்கு ஓட்டு இல்லை. விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

எண்ணிக்கொண்டே திரும்பினேன். அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. கூடம் முழுவதையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. ‘நிற்கலாம்’ என்பவர்கள் சற்று அதிகம் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

அவர் சும்மா பார்த்திருக்கலாம். இதுவும் சாக்குப்போக்குதானோ?

மார்ச் 11, புதன்

அவர் சும்மா பார்க்கவில்லை.

காலையில் அட்டைப்பெட்டி கம்பெனிக்குக் கிளம்பும்போது டிரைவர் மாமா வாசலை மறித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டயர் கடைக்காரரின் கட்சியென்றால் அவருக்கு ஆகாது.

“உன்ன எண்ணச் சொன்னா நீ ரேடியோ ஸ்டேஷன் நடத்துறியாடா?”

“என்ன மாமா?”

“டயர்க்காரன் விடிஞ்சும் விடியாம வந்து கதவத் தட்டுறான். ‘உங்களுக்கு ஏன் மனசில்ல, பேசித் தீத்துக்கலாம்’ங்கிறான். நான் கை தூக்கலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? என் பொண்டாட்டிக்கே தெரியாதுடா!”

நான் சொல்லவில்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

“இனி நீ எண்ணினா இந்தத் தெருவுல ஒருத்தனும் கையத் தூக்க மாட்டான்” என்று போய்விட்டார்.

மாலை வகுப்பை விட்டுவிட்டு டயர் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கண்ண மூடணும்னு யாரும் சொல்லலியே தம்பி” என்றார். “எங்க கட்சியில கூட்டத்துல கண்ண மூடினா, திறக்கும்போது நம்ம நாற்காலியில வேற ஆள் இருப்பான்.”

“எல்லார் வீட்டுக்கும் போனீங்களா அண்ணே?”

“கை தூக்காதவங்க வீட்டுக்குத்தான். இஷ்டமில்லாதவங்கள உக்காத்தி வச்சுப் பேசுறதுதானே எங்க வேல? அதுல என்ன தப்பு?” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டியூபைக் கீழே வைத்தார். “உன்னச் சந்தேகப்படுறாங்களா?”

தலையாட்டினேன்.

“அடடா.” கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். “ஒரு வீட்டுக்கு மட்டும் போகல. உங்க அக்கா கையும் கீழதான் இருந்துச்சு.”

எனக்கும் தெரியும். நேற்று அதை இங்கேகூட நான் எழுதவில்லை.

“தெரிஞ்சும் அவங்கதான் வேணுமா?”

“ஆசப்படுறவங்க எங்க கட்சியில வரிசையில நிக்கிறாங்க. யோசிக்கிறவங்களுக்குத்தான் பஞ்சம். நட, நானே வந்து சொல்றேன்.”

கரி படிந்த கையோடு என்னுடன் வந்தார். அக்கா அப்போதுதான் சலவைக்கூட வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். டிரைவர் மாமாவையும் கூப்பிட்டாள். அண்ணன் எதையும் மறைக்காமல் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன்.

“அப்போ நேத்து ஓட்டு செல்லாது” என்றாள் அக்கா.

“ஜெயிச்ச ஓட்ட யாராச்சும் கலைப்பாங்களாம்மா?” அண்ணனுக்கு வேர்த்தது. “வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும்.”

“நாளைக்கே மறுபடியும் எடுப்போம். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்றேன். நான் கை தூக்கல.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் நகரசபைக்குள்ள போயிட்டா, ‘அதான் அவ இருக்காளே’ன்னு இவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் கட்சி வாயத் திறக்காதேன்னா நான் யார நம்பித் திறக்குறது? வெளிய கூட்டம் இருந்தாத்தான் உள்ள என் பேச்சுக்கு மதிப்பு.”

உள்ளறையில் அம்மா இரும ஆரம்பித்தாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“போகாமலும் இருக்க முடியல” என்றாள் அக்கா. “டாக்டர் இருக்கணுமா வேணாமான்னு அந்த ரூம்ல உக்காந்துதான் முடிவு பண்றாங்க. அதனால நான் நிக்கணும்னா ஒரு நிபந்தனை. குழு என் கையில இருக்கக்கூடாது, உங்க கட்சி கையிலயும் இருக்கக்கூடாது. டிரைவர் மாமா நடத்தணும்.”

“இவரா?” என்றார் டயர் கடை அண்ணன். “நான் சொன்னா விடியுதுன்னுகூட ஒத்துக்க மாட்டாரே!”

“அதுக்குத்தான். நான் தப்புப் பண்ணினா வாசல்ல நின்னு என்னையே திட்ட ஓர் ஆள் வேணும்.”

“திட்டுறதுக்கா?” மாமா மீசையைத் தடவிக்கொண்டார். “அதுக்கு ஓட்டு எதுக்கும்மா, இப்பவே ஆரம்பிக்கிறேன்.”

அக்கா சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. கட்சி மேலிடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார். கடைசியில், “சரி, பேசிப் பாக்குறேன்” என்றார்.

நாளை வேறு யாராவது எண்ணட்டும் என்றேன்.

“நீயே எண்ணு” என்றார் மாமா. “இந்த டயர்க்காரன் வெளிய நின்னா கதவிடுக்குல பாப்பான். உள்ளயே உக்காரட்டும், நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறேன்.”

“நீங்களும் கண்ண மூடணும் மாமா.”

“அட ஆமால்ல” என்றார்.

நாளை அக்காவின் கை எழும்புமா என்று எனக்குத் தெரியாது. எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் இதில் எழுதமாட்டேன்.

நாளைய வேலை: கம்பெனிக்குப் போகும் முன் வீடு வீடாகப் போய் மறுவாக்கெடுப்பையும் அக்காவின் நிபந்தனையையும் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கியதும், விருந்தாளிகள் உட்பட எல்லோரும் கண்ணை மூடவேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும்.