மத்தேயுவின் மதியச் சோறு

லான்ஸ் கோப்ரல் மத்தேயு தன் மனைவி அஞ்சலாவை விட்டுப் போன நாளுக்கு மறுநாள் தொடங்கி, அவளுடைய வீட்டில் மதியச் சோற்றை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டு வந்தான். போனது 1956ஆம் ஆண்டு தை மாதம். வீடு நாவற்குடாவில், வாவிக்கரை ஒழுங்கையில் இருந்தது. அவன் இருந்ததோ தியத்தலாவை இராணுவ முகாமில். இடையில் காடும் மலையும் ஒரு முழுப் பகல் பஸ் பயணமும் இருந்தன. லீவு முடிந்து அவன் புறப்பட்டுப் போனதை ஊர் கண்டது. அடுத்த நாள் அஞ்சலா பழக்கத்தில் அவனுடைய பீங்கான் தட்டிலும் சோறு போட்டுவிட்டாள். தவறை உணர்ந்து அதைத் திருப்பிச் சட்டியில் கொட்டப் போனபோது, சோறு ஒரு பக்கமாகக் குறையத் தொடங்கியிருந்தது. மணலை மீனின் முள் தானாகக் கழன்று வலது விளிம்பில் போய் ஒதுங்கியது. மத்தேயு முள்ளை வைக்கும் இடம் அது. கறிவேப்பிலையை அவன் தின்பதில்லை, அதுவும் மிஞ்சியது. கறிக்கு உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை கடைசிக் கவளம் போகும்வரை வாசலிலேயே நின்றாள். “மனிசன் பசியோட போயிருக்கான் புள்ள,” என்று சொல்லிவிட்டு உப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அதே முகாமிலிருந்து கல்லடிக்கு வந்த ஒரு சிப்பாய்தான், தலையைக் குனிந்துகொண்டு, முகாமுக்குக் கீழே தேயிலைச் சரிவில் வாடகைக்கு ஒரு வீடு இருப்பதையும் அதில் ஒரு பெண் இருப்பதையும் சொன்னான். அன்றைக்கு அஞ்சலா மத்தேயுவுக்குச் சோறு வைக்கவில்லை. தன் பீங்கானை மட்டும் எடுத்து வைத்து உட்கார்ந்தாள். அவள் கை வைக்குமுன் அது வெறுமையாயிற்று. அமிர்தகழியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கும் மதியத்தில் அவளுக்கு வைத்த முதல் சோறு அவனுக்குத்தான் போனது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஆச்சிப்பிள்ளை அவளை மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது, அன்னதானப் பந்தியில் அவளுடைய இலை வெறுமையாவதைப் பரிமாறியவர் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மறுபடியும் போட்டார். ஊரில் யாரும் இதைப் பேயென்று சொல்லவில்லை. பேயென்றால் ஓட்டிவிடலாம். இது புருஷன்.

இராணுவம் தன் பங்குக்கு ஒழுங்காக நடந்தது. மத்தேயுவின் சம்பளத்தில் ஒரு பகுதியை வெட்டி மாதா மாதம் அஞ்சலாவுக்கு அனுப்பியது. முகாமின் பதிவுப்படி மனைவி அவள்தான். தேயிலைச் சரிவுப் பெண்ணுக்கு முகாமில் பெயரும் இல்லை, குடும்ப விடுதியும் இல்லை, வைத்தியசாலையில் இடமும் இல்லை. அஞ்சலா விவாகரத்துக் கேட்டுப் போன முதல் நாளே, விலகிக்கொண்டால் அந்தப் பணம் நின்றுபோகும் என்று பிறக்கிராசி நல்லரத்தினம் சொன்னார். அவர் நகரத்தில் பழைய வழக்கறிஞர், கறுப்புக் கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருப்பார்.

“நிண்டா நிக்கட்டும் ஐயா. நான் இன்னொருத்தருக்குச் சோறு போடோணும்,” என்றாள் அஞ்சலா.

அந்த இன்னொருத்தர் சிறில். மண்முனைத் துறையில் பாதை தள்ளுகிறவன். பாதை என்பது பலகைத் தட்டுப் போட்ட தோணி. பஸ்ஸையும் மாட்டையும் மனிதரையும் ஏற்றி வாவியைக் கடக்கும். சிறில் மெதடிஸ்த சபைக்காரன், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான். கத்தோலிக்கக் கோயில் விவாகரத்தை அறியாது என்று சுவாமியார் அஞ்சலாவிடம் சொல்லியிருந்தார். சிறிலின் சபையில் போதகர் கட்டிவைக்கச் சம்மதித்தார், சட்டம் அவளை விட்டால். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் மத்தேயுவுக்கு வைத்து, அவன் முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு சிறிலுக்கு இறால் கறியும் சோறும் போட்டாள். சிறில் கையைக் கொண்டுபோகுமுன் அந்தச் சோறும் போயிற்று. சட்டியில் இருந்ததை வழித்துப் போட்டாள், அதுவும் போயிற்று. அவளுடைய பங்கை எடுக்கும் மத்தேயு அக்காவின் பங்கை, அயலவர் பங்கை ஒரு நாளும் தொட்டதில்லை. சிறில் எழுந்து கிணற்றடிக்குப் போய், ஒரு பருக்கைகூடப் படாத கையைக் கழுவினான்.

வழக்குப் போடப்பட்டது. கெட்ட எண்ணத்தோடு மனைவியைக் கைவிட்டுப் போனான் என்பது குற்றச்சாட்டு. சிப்பாய்க்கு நீதிமன்றம் விடும் அழைப்பாணை அவனுடைய மேலதிகாரி வழியாகப் போக வேண்டும். அது தியத்தலாவைக்குப் போனபோது அவன் பனாகொடையில் இருந்தான். பனாகொடைக்குப் போனபோது மன்னார்க் கரையில் கள்ளத்தோணி பிடிக்கும் கடமையில் இருந்தான். மன்னாருக்குப் போனபோது நாட்டில் அவசரகாலம், யாருக்கும் லீவு இல்லை. அரசாங்கக் கடமையில் நிற்கும் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் தீர்ப்புச் சொல்ல நீதிபதி விரும்பவில்லை. நீதிபதிகளும் மாறினார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அஞ்சலா அதே நீலச் சேலையில் போய் மரவாங்கில் இருந்தாள். மதியம் கடந்து வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு வைத்தாள். அவள் வரப் பிந்திய நாட்களில் அவன் அவசரமாகச் சாப்பிட்டான்.

1964இல் மத்தேயு கடைசியில் வந்தான். காக்கிச் சட்டை விறைப்பாக இருந்தது. வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. நீதிமன்றம் அனுப்பிய பிஸ்கால் கந்தோர் உத்தியோகத்தர் முந்திய வாரமே அஞ்சலாவின் வீட்டுக்குப் போய், பீங்கான் வெறுமையாவதைக் கண்ணால் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தார். நீதிபதி இங்கிலீசில் கேட்க, மொழிபெயர்க்கும் கோட்டு முதலியார் தமிழில் சொன்னார்.

“நான் விட்டுட்டுப் போகல்ல ஐயா,” என்றான் மத்தேயு. “பகல் சோறு அவட வீட்டிலதான் திங்கிறன். எப்பிடியெண்டு எனக்குத் தெரியா. மத்தியானமானா வாயில அவட புளியாணக் கறி ருசி தெரியும், மறுகா வயிறு நிறைஞ்சிரும்.”

மனைவியின் கையால் நாள்தோறும் உண்கிறவனை அவளைக் கைவிட்டவனாகச் சட்டம் கருதாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். மற்றப் பெண்ணைப் பற்றிச் சாட்சி சொல்ல முகாமிலிருந்து ஒருவரும் வரவில்லை. வெளியே வாகை மரத்தடியில் அஞ்சலா அவனை மறித்தாள்.

“திரும்பி வாறிங்களா?”

“இல்ல.”

“அப்ப விட்டிருங்களன்.”

மத்தேயு தொப்பியைக் கழற்றிப் பார்த்தான், திரும்பப் போட்டான். “ரெண்டுக்கும் மனம் வருகுதில்ல, அஞ்சலா.” அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவள் அங்கேயே மண்ணில் குந்தி அழுதாள்.

சிறில் மேலும் சில வருடம் பொறுத்தான். மாலையில் வந்து வேலியோரம் நின்று பேசுவான், தேத்தண்ணி குடிப்பான். மத்தேயுவின் உரிமை மதியத்தோடு முடிந்துவிடும். ஆனால் சிறில் இரவுச் சாப்பாட்டுக்கும் உட்காரவில்லை. அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்க அவனுக்குக் கூசியது. அறுபத்தெட்டில் மண்முனையில் தொழில் குறைந்தது. கிரானில் அவனுடைய சொந்தக்காரர்கள் ஒரு வட்டையில் வயல் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே அவனுக்கு ஒரு விதவையையும் பேசி வைத்திருந்தார்கள்.

“எனக்கு நாப்பது தாண்டிட்டு,” என்றான். “அவர் திண்டு முடியிற வரைக்கும் நான் காத்திருக்க ஏலா.”

“நான் போகச் சொல்லிச் சொல்லல்ல,” என்றாள் அஞ்சலா.

“இருக்கச் சொல்லியும் சொல்லல்லயே.”

இருக்கச் சொன்னால் எதைக் கொடுத்து இருக்கச் சொல்வது? அவன் போனபோது வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய் உலை வைத்தாள்.

எழுபதில் முகாமுக்குப் புதிய கட்டளை அதிகாரி வந்தார். குடும்பத்தைச் சீர்செய்யாதவனுக்கு சார்ஜன் பதவி இல்லை என்று சொல்லிவிட்டார். அஞ்சலா சோறு வைத்த மதியமெல்லாம் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அஞ்சலா இரண்டாம் வழக்குப் போட, மத்தேயு தானாக வந்து, வேறொரு பெண்ணோடு வாழ்வது உண்மை, பிள்ளை இருப்பதும் உண்மை என்று நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டான். எழுபத்தொன்று மாசியில் தீர்ப்பு வந்தது. ஆனால் அது முதற் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து அதை முற்றாக்கினால்தான் கட்டு அறும் என்று நல்லரத்தினம் விளக்கினார். மறுநாள் தொடங்கி மதியத்தில் பீங்கானில் பாதிச் சோறு மிஞ்சியது. மீனிலும் பாதி. அஞ்சலா தன் பங்கோடு அந்தப் பாதியையும் எடுத்துச் சாப்பிட்டாள். பதினைந்து வருடத்தில் அவள் வயிறு நிறையத் தின்ற மதியங்கள் அவை.

சித்திரையில் தெற்கில் சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்கு எடுத்தார்கள். இராணுவம் காடுகளுக்குள் அனுப்பப்பட்டது. தீர்ப்பின் மூன்று மாதம் நிரம்புமுன்னே மத்தேயு ஒரு பாலத்தடியில் செத்தான். பதிவில் மனைவி இன்னமும் அஞ்சலாதான் என்பதால் பெட்டி நாவற்குடாவுக்கு வந்தது. சிப்பாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அவனுடைய தொப்பியை அவள் கையில் கொடுத்தார்கள். அவளிடம் கறுப்புச் சேலை இல்லை, ஆச்சிப்பிள்ளை சாயம் காய்ச்சி நீலத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்திருந்தாள். சவம் அடக்கிய சேமக்காலை வாசலுக்கு வெளியே ஒரு பெண் சிறுமியொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் என்று அஞ்சலா கேட்கவில்லை. “வெயில்ல நிக்காத, வா,” என்று கூட்டி வந்தாள்.

அன்று மதியம் அவள் வழக்கம்போல் பீங்கானை வைத்தாள். சோறு முழுதும் போயிற்று, ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை. மலைநாட்டுப் பெண் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு மத்தியானத்துல சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லைங்க அக்கா,” என்றாள் கடைசியில். “லீவு நாள்ல எல்லாம் ஆக்கி வைப்பேன். பசியில்லன்னு தள்ளி வச்சிருவாரு. என் கை ருசி புடிக்கலன்னு நெனச்சேன்.”

அஞ்சலா எழுந்து இன்னொரு பீங்கானை எடுத்தாள். சிறுமிக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். சிறுமி வேகமாகத் தின்றாள். அந்தக் கையை யாரும் முந்தவில்லை. பின்னேர பஸ்ஸில் அவர்கள் போனார்கள். பென்சனுக்கு அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்க்க அஞ்சலா நல்லரத்தினத்தோடு அலைந்து பார்த்தாள். சட்டத்தில் அதற்கு வழி இருக்கவில்லை.

“அந்தத் தீர்ப்ப இப்ப முடிச்சுத் தாங்க ஐயா,” என்று அவரிடம் கேட்டாள்.

“செத்தவன விவாகரத்துப் பண்ண ஏலா பிள்ளை,” என்றார் அவர். “நீ இப்ப விதவை. ஆரையும் கட்டலாம். ஆனா அவனை விலக்க இனி எந்தக் கோட்டாலயும் முடியா.”

கிரானில் சிறிலுக்கு அப்போது இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. அஞ்சலா வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். அதன் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மீன்காரன் இருவருக்கு அளவாக நிறுத்துக் கொடுப்பான். எழுபத்து மூன்றில் அரிசி தட்டுப்பட்டு, ஊரே கூப்பனுக்கு வரிசையில் நின்றபோது, அவள் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தாள். அதையும் மத்தேயு சாப்பிட்டான்.