ஒரு பேருந்துச் சிரிப்பு

மகன் எழுதிய நகைச்சுவைத் தொடருக்குச் சிரிக்க ஆள் வேண்டும் என்று போன் வந்ததும், தெல்மா ஓல்ட்ராய்டு இரண்டே நாளில் ஐம்பத்திரண்டு பேரைத் திரட்டிவிட்டாள். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் அவளுடைய ஊரில் அது பெரிய வேலை இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் கரண்டியிலிருந்து உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்றவர்கள். தொழிலாளர் கிளப்பில் ஒரு சுற்று சுற்றி, "சனிக்கிழமை மான்செஸ்டர் போறோம், வர்றீங்க" என்றாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

இப்போதெல்லாம் இந்தத் தொடர்களை வீட்டிலும் தெருவிலும் வைத்து எடுத்துவிடுகிறார்கள். சிரிப்புக்குத்தான் பிறகு அலைகிறார்கள். எடுத்து முடித்ததை ஓர் அரங்கில் போட்டு, தலைக்கு மேல் மைக்குகளைத் தொங்கவிட்டு, வந்தவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்து படத்தோடு ஒட்டுகிறார்கள். லண்டனில் போட்டபோது வந்தவர்கள் புன்னகைத்தார்களாம். புன்னகை மைக்கில் விழாது. இந்தத் தடவையும் சிரிப்பு விழாவிட்டால் தொடர் இத்தோடு சரி என்று சேனல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "நம்ம ஊர் ஆளுங்க சிரிச்சா கூரை பறக்கும்மா. நீதான் கூட்டிட்டு வரணும்" என்று மகன் லிண்டன் கெஞ்சினான். நாற்பது வயதில் அவன் அம்மாவிடம் கேட்ட முதல் உதவி அது. அதற்காகவே அவள் ஐம்பத்திரண்டு பேர் என்ன, ஊரையே பெயர்த்துக் கொண்டுபோயிருப்பாள்.

பேருந்து கிளம்பி, பன்றி இறைச்சி ரொட்டிப் பொட்டலங்கள் பிரிவதற்குள் சண்டை வந்துவிட்டது.

"இப்ப வர்றதெல்லாம் காமெடியாய்யா" என்றார் கிளிஃபோர்டு கார்சைடு. கிளப்பின் செயலாளர். சிரித்தால் முதலில் ஒரு விசில் வரும், பிறகு ஈர இருமல் வரும். கிளப் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "ஒருத்தன் சோபால உக்காந்து அரை மணி நேரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான். அப்புறம் பேரு போட்டு முடிச்சிடுறாங்க. இதப் பாக்க எதுக்கு டிவி? என் மச்சான் வீட்டுக்குப் போனாலே போதும்."

"உனக்கு எவனாவது பேண்ட் அவுந்து நிக்கணும் கிளிஃபோர்டு. அதுக்கு மேல உன் மண்டைல ஏறாது" என்றாள் பின்சீட்டிலிருந்து ஏவ்ரில். தெல்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, முடிவெட்டும் கடை வைத்திருப்பவள்.

"பேண்ட் அவுந்தா சிரிப்பு வருதா இல்லயா?"

"எங்க வீட்டுல தினம் அவுருது. எனக்கு வரல." பேருந்து சிரித்தது. "புதுசுல நம்மள மாதிரி ஆளுங்க வர்றாங்க. நம்மள மாதிரி பேசுறாங்க. அதான் எனக்குப் பிடிக்கும்."

"நம்மள மாதிரி பேசலம்மா. நம்மள மாதிரி பேசிக் காட்டுறாங்க. ரெண்டும் வேற."

"என் பையன் எழுதினது அப்படி இருக்காது" என்றாள் தெல்மா. "வாயத் திறந்தா சிரிக்க மட்டும் திறங்க. போதும்."

அரங்கில் முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. கூட்டத்தைச் சூடேற்றுவதற்கென்றே மின்னும் கோட்டு போட்ட ஒருவன் கையில் மைக்கோடு நின்றான். லிண்டன் பக்கவாட்டில், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். தெல்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், வேண்டாத இடத்திலும் சிரித்தாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

திரையில் ஓர் அம்மா. பூப்போட்ட மேலங்கி, தெல்மாவுடையது போலவே. வாசலில் பாய்லரைப் பழுதுபார்க்க வந்த கேஸ்காரன் நிற்கிறான். மாடியில் புருஷன் செத்துக் கிடக்கிறான். அவளுக்கு அது உறைக்கவில்லை. "என்னங்க, கேஸ்காரர் வந்திருக்கார்" என்று மாடியைப் பார்த்துக் கத்துகிறாள். பதில் இல்லை. மூன்று கோப்பை டீ போடுகிறாள். ஒன்றை மாடிக்கு எடுத்துப்போய், பிணத்தின் பக்கத்தில் வைத்து, "ஆறிடப் போகுது" என்கிறாள். வாய் பாதி திறந்தபடி, கண்ணில் ஒன்றும் இல்லாமல்.

ஏவ்ரில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். தெல்மாவின் புருஷன் வில்ஃப் செத்த காலையை அவளும் அறிவாள். அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பின்வரிசைகளில் கொஞ்சம் சிரிப்பு எழுந்து, தெல்மாவின் தலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தெல்மாவுக்குக் காது கொதித்தது. ஊர் முன்னால் அவளைத் துணியில்லாமல் நிறுத்தியிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

மின்னும் கோட்டுக்காரன் ஓடிவந்தான். "அருமை, அருமை. ஆனா சத்தம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு மக்களே. இந்தக் காட்சிதான் உயிரு. மறுபடியும் போடுறோம். இப்பத்தான் முதத் தடவை பாக்குற மாதிரி, வயித்தப் பிடிச்சுச் சிரிங்க."

"எதுக்கு?" என்று எழுந்து நின்றாள் தெல்மா.

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க."

"சிரிக்கச் சொல்றல்ல? எதப் பாத்துச் சிரிக்கணும்னு சொல்லு. அவ பைத்தியக்காரிங்கிறதுக்கா? அந்தப் பொம்பளை நான்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்கல."

லிண்டன் முன்னால் வந்தான். "அம்மா, இது கதைம்மா."

"கதைதான். நடந்தது என்னன்னு உனக்குத் தெரியும். நீ மாடிப்படியில உக்காந்திருந்த." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஜனவரி மாசம். வீட்டச் சூடாக்குற பாய்லர் ஓடல. வில்ஃப் மூணு வாரமா போன் போட்டுக் கத்துனாரு. ஒருத்தனும் வரல. நான் செத்தாத்தான் இவனுங்க வருவானுங்கன்னு தினம் சொல்லுவாரு. அன்னைக்குக் காலைல ஏழு மணிக்குப் போயிட்டாரு. எட்டு மணிக்குக் கதவத் தட்டுறான். ஐயா இருக்காரான்னு கேட்டான். நான் சொன்னேன்: மாடியில இருக்காரு. நீங்க வரணும்னா என்ன செய்யணும்னு மூணு வாரமா சொல்லிட்டிருந்தாரு. இன்னைக்குக் காலைல செஞ்சுட்டாரு."

முதலில் கிளிஃபோர்டின் விசில் கிளம்பியது. அதற்குப் பின்னால் மொத்த அரங்கும் உடைந்தது. ஏவ்ரில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபடி சிரித்தாள். அவர்கள் தெல்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு ஓயும் நேரத்தில் கிளிஃபோர்டு இருமினார். அதற்கு இன்னொரு சுற்றுச் சிரித்தார்கள்.

மைக்குகள் மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

இடைவேளையில் மகனைத் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "நான் சொன்ன வார்த்தைய ஏன்டா எடுத்துட்ட? படத்துல உருப்படியா அது ஒண்ணுதானே இருந்திருக்கும்."

"எழுதிப் பாத்தேன்மா. சேனல்ல ஒத்துக்கல. எனக்கும் சரியாப் படல. அந்த மாதிரி ஒரு அம்மா அப்படிப் பேசினா ஜனங்க நம்ப மாட்டாங்க."

"எந்த மாதிரி அம்மா?"

அவன் தேநீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான்.

"பள்ளிக்கூடத்துல சோறாக்குறவளா? அவளுக்குப் புத்தி கிடையாது, அப்படித்தானே? சாவு வீட்ல நின்னு நானே என்னைத் தூக்கி நிறுத்திக்கிட்ட வார்த்தைடா அது. அந்தக் கேஸ்காரன் வாசப்படியிலேயே உக்காந்து அழுதான், சிரிச்சான். உன்னையும் அன்னைக்கு அதுதான் எழுந்து நிக்க வெச்சுது. அதை நீ படிச்ச படிப்பு வெச்சு அழிச்சுட்டு, எனக்கு மூணு கோப்பை டீயக் குடுத்திருக்க."

"அம்மா, இது நின்னுபோனா எனக்கு வேற பொழப்பு இல்ல."

"தெரியும். அதனாலதான் இன்னும் கிளம்பிப் போகாம நிக்கிறேன். மத்ததுக்கெல்லாம் சிரிக்கிறோம். ஆனா இப்ப விழுந்துதே ஒரு சிரிப்பு, அது என் வார்த்தைக்கு விழுந்தது. அதை எடுத்து உன் பொம்பளைக்கு ஒட்டாத. வேணும்னா என் வார்த்தையையும் சேர்த்துப் போடு. இல்லன்னா ரெண்டும் வேணாம்."

"சரிம்மா" என்றான் லிண்டன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

திரும்பும் வழியில் பேருந்தில் யாரும் பழைய காமெடி, புதுக் காமெடி என்று வாதாடவில்லை. கிளிஃபோர்டு மட்டும் ஒரு தடவை, "வில்ஃப் கேட்டிருந்தா சிரிச்சே செத்திருப்பான்" என்றார். தெல்மா அன்று மனசாரச் சிரித்தது அதற்குத்தான்.

மார்ச் மாதத்தில் தொடர் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஏவ்ரிலும் கிளிஃபோர்டும் தெல்மாவின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். காட்சி வந்தது. பூப்போட்ட மேலங்கிக்காரி மாடியைப் பார்த்துக் கத்தினாள். மூன்று கோப்பை டீ போட்டாள். "ஆறிடப் போகுது" என்றாள்.

ஒரு விசில் கேட்டது. அதன் பின்னால் ஐம்பத்திரண்டு பேரின் சிரிப்பு வீட்டை நிறைத்தது. ஓயும் நேரத்தில் ஈர இருமல் வந்தது, அதற்கு இன்னொரு சுற்று. திரையில் அந்தப் பெண் வாயைப் பாதி திறந்தபடி நின்றாள்.

கிளிஃபோர்டின் முகம் சிவந்துபோனது. "அது என் இருமல்" என்றார். "நான் இதுக்குச் சிரிக்கல தெல்மா. சத்தியமா இதுக்குச் சிரிக்கல."

"தெரியும் கிளிஃபோர்டு. உக்காரு."

மறுநாள் செய்தித்தாளில் ஒருவர் இந்த வருடத்தின் சிறந்த நகைச்சுவை என்று எழுதினார். இன்னொருவர் பழைய தொடர்களின் கால்தூசிக்கு ஆகாது என்று எழுதினார். சிரிப்பு மட்டும் அசல் என்று இருவருமே எழுதியிருந்தார்கள். தெல்மா செய்தித்தாளை மடித்து, உருளைக்கிழங்குத் தோலை அதில் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

திங்கட்கிழமை லிண்டன் போன் செய்தான். குரல் துள்ளியது. "அம்மா, ரெண்டாவது சீசன் குடுத்துட்டாங்க. அந்தச் சிரிப்புதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. நீ கோவிச்சுக்காத. கடைசி நேரத்துல வேற வழி இல்ல. உனக்குப் புரியும்னு தெரியும்."

"புரியுது."

"அடுத்ததுக்கும் நம்ம ஆளுங்கதான் வேணுமாம். செப்டம்பர்ல. கூட்டிட்டு வருவியா?"

தெல்மா சமையலறைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த பாய்லரைப் பார்த்தாள். அன்று அழுதுகொண்டே அந்தக் கேஸ்காரன் சரிசெய்துவிட்டுப் போன பாய்லர். இருபது வருடமாக நிற்காமல் ஓடுகிறது.

"வர்றோம்" என்றாள். "ஐம்பத்திரண்டு பேரும் வர்றோம். நல்ல துணி உடுத்திக்கிட்டு, முன்வரிசையில இருந்து பின்வரிசை வரைக்கும் நிறைஞ்சு உக்காருவோம். உன் படத்தக் கண்ணக் கொட்டாமப் பாப்போம்."

"ரொம்பத் தேங்க்ஸ்மா. நீ இப்படிச் சொல்லுவேன்னு எனக்கு—"

"மைக்கத் திறந்தே வெய்யி. கிளிஃபோர்டு இருமுவாரு. வேற ஒரு சத்தமும் வராது."